அச்சில் இல்லாத பேச்சு

இந்தத் தொழிலுக்குள் வந்த முதல் வாரத்திலேயே உங்களிடம் ஒன்று சொல்லியிருப்பார்கள்: "இன்டர்பிரட்டருக்கு வாய் உண்டு, கருத்து கிடையாது." எனக்கும் சொன்னார்கள். சொன்னவர், என்னை இந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்த மூத்தவர். அவர் பெயரை எழுதப்போவதில்லை. அவருக்கு அது பிடிக்காது. நம் பக்கத்தில் சீனம் தெரிந்தவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிய காலத்தில், ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்கும் பழைய மகாபலிபுரம் சாலைக் கம்பெனிகளுக்கும் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தவர் அவர். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தார், வேலை வாங்கிக் கொடுத்தார், கடைசியில் என்னோடு சண்டையும் போட்டார். அந்தச் சண்டை எதனால் வந்தது என்பதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். அவர் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இன்று கேட்டாலும் நான் என் பக்கம்தான் நிற்பேன்.

நான் சீனம் கற்றதே தற்செயல். சிறுசேரியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்தேன். அவர்கள் சீனாவில் கிளை திறந்தபோது, போகிறேன் என்று கை தூக்கியவள் நான் ஒருத்திதான். சில வருடம் அங்கே இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது, இங்கே புரோகிராம் எழுதத் தெருவுக்குப் பத்துப் பேர் இருந்தார்கள். சீனம் பேச ஆள் இல்லை. கீழ்க்கட்டளை வீட்டுக் கடன் பாதிகூட அடைந்திருக்கவில்லை. தொழிலை மாற்றிக்கொண்டேன்.

நான் சொல்லவந்த சம்பவம் நடந்து பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். சீனாக்காரர்களுக்கு விசா கிடைப்பது இப்போதுபோல் இழுபறியாக இல்லாத நேரம். தாம்பரம் தாண்டி ஒரு தனியார் கலைக்கல்லூரி. அதன் தாளாளருக்கு ஒரு சீனப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் போட்டுவிட வேண்டும் என்று ஆசை. அதற்கு முன்னோட்டமாக அங்கிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் அந்தப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டுத் தொடர்பு அதிகாரி. நாற்பது வயது இருக்கும். சிரிப்பைக்கூட அளந்து சிரிப்பார். இன்னொருவர் தத்துவப் பேராசிரியர். எழுபதை நெருங்கியவர், ஒல்லி, நம் வெயிலுக்குப் பொருந்தாத கம்பளிக் கோட்டை வந்த நாள் முதல் கழற்றவே இல்லை. மேற்கத்தியத் தத்துவத்தைச் சீன அறிஞர்கள் எப்படி எதிர்கொண்டார்கள் என்பது அவர் பேச்சின் தலைப்பு.

பேச்சு முன்கூட்டியே அச்சில் வந்துவிட்டது. நான் அதைத் தமிழாக்கினேன். அதிகாரி ஒப்புதல் சொன்னார். தாளாளர் படித்துவிட்டு, "பிரமாதம் மேடம்" என்றார். பிரமாதமாக இருந்ததற்குக் காரணம், அதில் இடறும்படி எதுவுமே இல்லை. சீன அறிஞர்கள் மேற்கைப் படித்தார்கள், நல்லதை எடுத்துக்கொண்டார்கள், கெட்டதை ஒதுக்கினார்கள், இன்று கிழக்கின் ஞானம் உலகுக்கு வழிகாட்டுகிறது, இந்தியாவும் சீனாவும் யாரிடமும் யோசிக்கக் கற்றுக்கொள்ளத் தேவையில்லை. அவ்வளவுதான். பேராசிரியர் ஒரு பத்தி சீனத்தில் வாசிப்பார், நான் அதன் தமிழை வாசிப்பேன். நம் தொழிலில் இதைவிடச் சுலபமான வேலை கிடையாது.

முதல் நாள் மாலை கேளம்பாக்கத்தில் அவர்கள் தங்கியிருந்த ஓட்டலில் தாளாளர் விருந்து வைத்தார். சாப்பாட்டு நடுவில் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"மேல்நாட்டுக்காரன் வந்து நமக்கு யோசிக்கக் கத்துத் தரணுமா? அவன் துணி கட்டக் கத்துக்கறதுக்கு முன்னாடியே நாம எல்லாத்தையும் யோசிச்சு முடிச்சிட்டோம். உங்க ஊரும் அப்படித்தானே? கேளுங்க மேடம் அவரை."

கேட்டேன். அதிகாரி பழச்சாற்றுக் கோப்பையை உயர்த்தினார். பேராசிரியர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எல்லாவற்றையும் யோசித்து முடித்துவிட்ட பிறகு நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்?" என்றார்.

அதைத் தமிழில் சொன்னேன். தாளாளர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். பேராசிரியர் தட்டில் இன்னொரு கரண்டி பிரியாணி விழுந்தது. பேராசிரியர் சிரிக்கவில்லை. நான் அப்போதே உஷாராகியிருக்கலாம்.

மறுநாள் காலை வண்டலூர் சாலை வழியாகக் காரில் போகும்போது அவர் என்னிடம், "தத்துவத்துக்கு உங்கள் மொழியில் என்ன சொல்?" என்று கேட்டார்.

"இரண்டு இருக்கிறது, லாவ்ஷி" என்றேன். ஆசிரியர்களைச் சீனத்தில் அப்படித்தான் அழைப்பார்கள். "தத்துவம் என்பது வடமொழியிலிருந்து வந்தது. மெய்யியல் என்பது தமிழ். மெய் என்றால் உண்மை. மெய் என்றால் உடம்பும்தான்."

"இரண்டும் ஒரே சொல்லா?"

"ஒரே சொல்."

அவர் அதை வாயில் வைத்து இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். பிறகு தங்கள் ஊர்க் கதையைச் சொன்னார். தத்துவத்துக்கு அவர்கள் இன்று வழங்கும் சொல்லை உண்டாக்கியவர்கள் ஜப்பானியர்களாம். எழுத்துகள் சீன எழுத்துகள்தான். அடுக்கியது பக்கத்து வீட்டுக்காரன். "எங்கள் துணியை எடுத்துப் போய்ச் சட்டை தைத்துத் திருப்பித் தந்தார்கள். உடம்புக்குச் சரியாக இருக்கவே போட்டுக்கொண்டோம்" என்றார். முன் இருக்கையில் இருந்த அதிகாரி கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கருத்தரங்கக் கூடம் பெரியதல்ல. ஆனால் நிரம்பியிருந்தது. வருகைப்பதிவு உண்டு என்று சொல்லி மாணவர்களைக் கூட்டிவந்து உட்கார வைத்திருந்தார்கள். குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப்பரிசு எல்லாம் முறையாக நடந்தன. பேராசிரியர் எழுந்து அச்சிட்ட உரையின் முதல் பக்கத்தை வாசித்தார். நானும் வாசித்தேன். பின்வரிசையில் கைபேசிகள் வெளியே வந்தன. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

இரண்டாம் பக்கத்தைத் திருப்பும் இடத்தில் அவர் தாள்களை நான்காக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார். ஒலிவாங்கியைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு, தாளைப் பார்க்காமல் பேச ஆரம்பித்தார்.

"நான் வாசித்தது நான் எழுதியதுதான். பிறகு பலர் திருத்தினார்கள். அது பொய் இல்லை. ஆனால் அளவுக்கு மீறிச் சுத்தமாக இருக்கிறது. நடந்தது அவ்வளவு சுத்தமாக நடக்கவில்லை. வெளிநாட்டுக் கப்பல்களின் பீரங்கி எங்கள் துறைமுகங்களை உடைத்தபோது எங்கள் படித்தவர்கள் முதலில் சொன்னார்கள், பீரங்கி வாங்குவோம் என்று. வாங்கினோம், தோற்றோம். பீரங்கிக்குப் பின்னால் சட்டம் இருக்கிறது என்றார்கள். சட்டத்துக்குப் பின்னால் ஒரு யோசனை முறை இருக்கிறது என்றார்கள். அப்போதுதான் படிக்க உட்கார்ந்தார்கள். சுதந்திரம் என்ற ஒரு சொல்லை மொழிபெயர்க்க முடியாமல் தவித்தார்கள். எங்களிடம் அதற்கு இருந்த சொல்லுக்கு, தான்தோன்றித்தனம் என்ற வாடை அடித்தது. அப்புறம் இளைஞர்கள் வந்தார்கள். ஜனநாயகத்துக்கும் அறிவியலுக்கும் ஆள் பெயர் வைத்து, பின்னால் மரியாதை விகுதியும் சேர்த்து, விருந்தாளிபோலக் கூப்பிட்டார்கள். வீட்டில் பெரிய சண்டை. வீட்டையே விருந்தாளிக்கு எழுதிக் கொடு என்றார் ஒருவர். வாசலோடு அனுப்பு என்றார் இன்னொருவர். ஒரே ஜெர்மானியத் தத்துவ அறிஞரைப் படித்துவிட்டு ஒருவர் எங்கள் பழைய ஆசானைத் தூக்கி எறிந்தார். மற்றவர் அதே ஆசானைப் புதுக் கண்ணோடு திரும்பப் படித்தார். அரைகுறையாகப் படித்தோம், அவசரமாகப் படித்தோம், தப்பாகப் படித்தோம். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. முடிந்துவிட்டது என்று நான் வாசிக்க வேண்டிய தாளில் இருக்கிறது."

நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். என் முறை.

இடது பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரி சற்றே சாய்ந்து, முகத்தில் புன்னகை மாறாமல், சீனத்தில் மெதுவாகச் சொன்னார்: "ஆசிரியர் களைத்திருக்கிறார். நீங்கள் அச்சில் இருப்பதையே வாசித்துவிடுங்கள். இங்கே யாருக்கும் தெரியப்போவதில்லை."

வலது பக்கத்தில் தாளாளர், கையில் என் தமிழ்ப் பிரதியை வைத்துக்கொண்டு, "எந்தப் பக்கம் மேடம்? எனக்குப் பிடிபடலையே" என்றார்.

அதிகாரி சொன்னது உண்மை. யாருக்கும் தெரியாது. அந்தக் கூடத்தில் இரண்டு மொழியும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் அச்சிட்ட இரண்டாம் பக்கத்தை நிதானமாக வாசித்திருந்தால் மாணவர்கள் கைதட்டியிருப்பார்கள். பேராசிரியருக்குத் தமிழ் தெரியாது; தன் பேச்சுக்குத்தான் கைதட்டல் என்று நினைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். தாளாளருக்கு ஒப்பந்தம் கிடைத்திருக்கும், எனக்கு அந்தக் கல்லூரியில் நிரந்தர வேலை கிடைத்திருக்கும். இதைவிடச் சுத்தமான ஏமாற்று இருக்க முடியாது.

இன்னொன்றும் தோன்றியது. நீங்களும் இதை யோசிக்க வேண்டும். இதைச் சொன்னால் அவருக்கு ஊரில் ஏதாவது ஆகுமோ? அச்சையே வாசித்துவிட்டால் நான் அவரைக் காப்பாற்றினவள் ஆவேனோ? நல்ல மனசோடு செய்கிற துரோகத்துக்கு வழி எப்போதும் அகலமாகத்தான் இருக்கும். ஆனால் காப்பாற்றச் சொல்லி அவர் என்னைக் கேட்கவில்லையே. பேச்சுக்குச் சொந்தக்காரர் கை எட்டும் தூரத்தில் நிற்கிறார். அவரைக் கேட்காமல் நானாக முடிவெடுக்க நான் யார்?

ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு சீனத்தில் கேட்டேன். "லாவ்ஷி, இது அச்சில் இல்லை. அச்சையே வாசிக்கச் சொல்கிறார்கள். நீங்கள் பேசியதைச் சொல்லட்டுமா?"

அதிகாரிக்குக் கேட்கும்படியே கேட்டேன். ஒளித்துக் கேட்க வேண்டிய விஷயம் இல்லை அது.

பேராசிரியர் அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "இங்கே சீனம் தெரிந்தவர்கள் நாம் மூன்று பேர். சுவரோடு பேசுவதற்கு நான் இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டியதில்லை" என்றார்.

சொன்னேன். ஒரு சொல் விடாமல் சொன்னேன். அந்த விருந்தாளிப் பெயர்களுக்கு வந்தபோது, மரியாதை விகுதிக்கு என்ன போடுவது என்று யோசிக்க நேரமில்லை. "டெமாக்ரசி சார், சயன்ஸ் சார்" என்று வாயில் வந்துவிட்டது. கூடம் சிரித்தது. யாரோ ஒரு பையன், "சயன்ஸ் சாரைத் தெரியும் மேம், டெமாக்ரசி சார் எந்த டிபார்ட்மென்ட்?" என்றான். அதையும் பேராசிரியருக்குச் சொன்னேன். அந்தக் கோட்டுக்குள் அவர் உடம்பு குலுங்கியதைப் பார்த்தேன். பின்வரிசைக் கைபேசிகள் உள்ளே போய்விட்டிருந்தன.

அடுத்து அவர் தன் கதையைச் சொன்னார். அவருடைய இளமையில் பல்கலைக்கழகங்கள் மூடிக்கிடந்தன. அவரை ஒரு கிராமத்துக்கு அனுப்பிச் சாணம் சுமக்க வைத்தார்கள். மேற்கத்தியப் புத்தகம் வைத்திருப்பதே தப்பு. கூட இருந்த நண்பனிடம் அட்டை இல்லாத, முதல் பக்கங்கள் இல்லாத ஒரு சீன மொழிபெயர்ப்பு இருந்தது. எழுதியவர் யார் என்று இருவருக்கும் தெரியாது. முறை வைத்துப் படித்தார்கள், சாணம் சுமந்துகொண்டே வாதாடினார்கள். மாலை ஆனால் கூட்டம். ஒவ்வொருவரும் எழுந்து நின்று, அடுத்தவன் மனதில் என்ன துரோகம் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். நண்பனைப் பற்றிச் சொல் என்று இவரை முழங்காலில் நிறுத்திக் கேட்டார்கள்.

"எனக்குத் தெரியாது என்றேன். மறுநாளும் தெரியாது என்றேன். அந்தப் புத்தகத்தில் ஒரு வாக்கியம் இருந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல மனிதன் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை என்று. அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்னொருவன் மனதில் இருப்பது உனக்கு எப்படித் தெரியும்? இந்தக் கேள்வி மேற்கத்தியக் கேள்வியா? அன்றைக்கு அது என் கேள்வி. என் முழங்காலில் வலித்த கேள்வி. அதனால்தான், 'இது மேற்கு, நமக்கு வேண்டாம்' என்று யாராவது சொன்னால் கேட்கத் தோன்றுகிறது. என் ஊரிலும் சொல்கிறார்கள், நேற்று விருந்தில் இங்கேயும் சொன்னார்கள். எது வேண்டாம்? அவர்கள் சொன்ன பதில் வேண்டாமா? சரி, வேண்டாம். கேள்வியே வேண்டாமா? அப்படியானால் நீங்கள் வேண்டாம் என்பது மேற்கை அல்ல."

நான் சாணத்தையும் புத்தகத்தையும் மாலைக் கூட்டத்தையும் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். "நேற்று விருந்தில்" என்று வாயெடுத்ததும் தாளாளருக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியை என் பக்கம் இழுத்தார்.

"மேடம், அதை விட்டுடுங்க. ரெண்டு வார்த்தை நன்றி சொல்லி முடிச்சுக்கலாம்."

"சார், பேச்சு முடியலை."

"நான் சொல்றேன் இல்ல, விட்டுடுங்க. உங்களைக் கூப்பிட்டது நாங்க."

கூப்பிட்டது அவர்தான். அதில் சந்தேகமில்லை. ஒலிவாங்கியை வாய் அருகே கொண்டுபோனேன்.  

"பேராசிரியர் சொன்னதில் ஒரு பகுதியை விட்டுவிடச் சொல்கிறார்கள். விட்டுவிடுவதென்றால், விட்டுவிட்டேன் என்பதையாவது நான் உங்களிடம் சொல்லியாக வேண்டும். சொல்லிவிட்டேன்."

 நடுவரிசையிலிருந்து ஒரு குரல், "சொல்லுங்க மேம்." இன்னொரு பக்கத்திலிருந்து, "முழுசாச் சொல்லுங்க." ஆசிரியர் வரிசையில் ஒரு அம்மாள் திரும்பி அவர்களை முறைப்பதற்குப் பதிலாக என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

தாளாளர் மேடை ஓரத்துக்கு ஒரு சைகை காட்டினார். நாட்டுப்பண் ஒலிக்க ஆரம்பித்தது.

நம் ஊரில் நாட்டுப்பண் போட்டால் நிகழ்ச்சி முடிந்தது என்று பொருள். எல்லோரும் எழுந்து விறைப்பாக நின்றோம். என்ன நடக்கிறது என்று தெரியாமல் பேராசிரியரும் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றார். பாட்டு முடிந்தது. ஒலிவாங்கி செத்துவிட்டிருந்தது. தாளாளர் கதவைப் பார்த்தார். யாரும் நகரவில்லை.

ஸ்பீக்கர் செட்டுக்காரர் மேடை ஓரத்தில் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "அவரு ஆஃப் பண்ணச் சொல்லிக்கினு கீறாரு, நான் இன்னா மேடம் பண்றது?" என்றார்.

"பரவால்லைண்ணா. எனக்குத் தொண்டை இருக்கு."

மேடையை விட்டு இறங்கினேன். பேராசிரியரும் இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றார். மாணவர்கள் முன்வரிசைக்கு வந்துவிட்டார்கள். விட்ட இடத்திலிருந்து எடுத்து, விருந்தையும் சேர்த்து, கடைசி வாக்கியம்வரை சொன்னேன். தாளாளர் மேடையிலேயே உட்கார்ந்திருந்தார். வெளியே போகவில்லை, அதையும் சொல்ல வேண்டும். கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

ஒரு பெண் கை தூக்கினாள். "மேம், அந்த புக்கு என்னன்னு கடைசில அவருக்குத் தெரிஞ்சுதா?"

பேராசிரியரிடம் கேட்டேன். தெரிந்தது என்றார். பல வருடம் கழித்து, பல்கலைக்கழகங்கள் திறந்த பிறகு, ஒரு நூலகத்தில் அதன் மூலம் கிடைத்தது. அந்த வாக்கியத்தைத் தேடினார். அது அங்கே இல்லை. அந்த இடத்தில் இருந்தது, மனித அறிவின் எல்லையைப் பற்றிய ஒரு வறண்ட வாக்கியம். அதில் அனுமதி என்ற பேச்சே இல்லை. மொழிபெயர்த்தவர் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்.

"நூலகத்தில் உட்கார்ந்து சிரித்தேன். அப்புறம் அழுதேன். அவருடைய தவறால்தான் நான் உயிரோடு இருக்கிறேன்" என்றார்.

அதைத் தமிழில் சொல்லும்போது நான் தேடிப் போகவில்லை, தானாக வந்தது: "அந்தப் பிழையால்தான் நான் பிழைத்தேன்."

கூடத்தில் ஒரு சின்னச் சலசலப்பு. பேராசிரியர் என்ன என்று கேட்டார். எங்கள் மொழியில் தவறுவதற்கும் உயிர் தப்புவதற்கும் ஒரே சொல்தான் என்று சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, ஆனால் எனக்காகத்தான் என்று நினைக்கிறேன், இதைச் சொன்னார்: "மொழிபெயர்ப்பில் தவறு இருந்தால் என்றைக்காவது ஒருவன் கண்டுபிடிப்பான், சண்டை போடுவான், திருத்துவான். என்னைப்போலச் சிரிப்பான். அந்த மனிதர் புரியாத வாக்கியத்தைத் தாண்டிப் போயிருக்கலாம். தாண்டியிருந்தால், அங்கே ஒன்று இருந்தது என்பதே எனக்குத் தெரிந்திருக்காது."

இளைய நண்பர்களே, நம் வேலையைப் பற்றி நான் கேட்டதில் பெரிய வார்த்தை இதுதான். பிழை விடுவீர்கள். நானும் விட்டிருக்கிறேன், இன்னும் விடுவேன். அதற்குப் பயப்படாதீர்கள், திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் சௌகரியத்துக்காக விழுங்காதீர்கள். இப்போது ஆளுக்கொரு செயலி வைத்திருக்கிறார்கள். புரியாததை அது வழவழவென்று தேய்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். அதோடு போட்டி போட்டு நீங்களும் வழவழப்பாகப் போகாதீர்கள். அந்தப் பந்தயத்தில் அது ஜெயிக்கட்டும்.

 திரும்பும்போது, வண்டலூர் தாண்டியதும் பேராசிரியர் காரிலேயே தூங்கிவிட்டார். அதிகாரி முன் இருக்கையிலிருந்து திரும்பாமலே சொன்னார்: "நான் ஊருக்குப் போய் அறிக்கை எழுத வேண்டும். என் அறிக்கையில் அச்சிட்ட உரை இருக்கும்."

"அது உங்கள் வேலை" என்றேன்.

"கூடத்தில் பேசியது கூடத்தில் இருக்கட்டும்." கொஞ்சம் பொறுத்து, "என் அப்பாவையும் அந்த மாதிரி ஒரு கிராமத்துக்குத்தான் அனுப்பினார்கள். அவர் அந்த மாதிரிப் புத்தகம் எதுவும் படித்ததில்லை. மாலைக் கூட்டத்தில் கேட்டபோதெல்லாம் தெரியும் என்று சொல்லிவிட்டார்" என்றார்.

 அவரைப் பற்றி நான் முதலில் நினைத்திருந்ததை அன்றைக்கே மாற்றிக்கொண்டேன். அடுத்த சீனப் புத்தாண்டுக்குப் பேராசிரியரிடமிருந்து வாழ்த்து வந்தது. அதற்கடுத்த ஆண்டும் வந்தது. அந்த வாழ்த்து வரும்வரை எனக்குச் சரியாகத் தூக்கமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தைரியம் என்று நீங்கள் எதையாவது செய்தால், அதற்கு இந்தச் செலவும் உண்டு.

மறுநாளே மூத்தவர் போன் செய்தார்.

"என்னம்மா, புரட்சியா?"

"இல்லை சார். அவர் பேசினதைச் சொன்னேன்."

"அந்தக் காலேஜை நான் எவ்வளவு நாளா வளைச்சேன் தெரியுமா? ஒரே காலைல முடிச்சு வெச்சிட்ட."

"அதுக்கு வருத்தமாத்தான் இருக்கு சார்."

"வருத்தம் இருந்தா மன்னிப்புக் கேளு. ஒரு நடை நேர்ல போய் நின்னுட்டு வா. மிச்சத்தை நான் பேசிக்கறேன்."

"எதுக்கு சார் மன்னிப்பு? தப்பாச் சொன்னேனா?"

"தப்பாச் சொல்லலை. சொன்னதுதான் தப்பு."

"அப்படின்னா அந்தத் தப்பை மறுபடியும் பண்ணுவேன் சார்."

 "நீ வாயா இருன்னு சொன்னேன். நீ ஆளா இருக்கணும்னு நிக்கற. ஆளா இருந்தா இந்த ஊர்ல வேலை கிடைக்காதும்மா" என்றார். அவர் கோபத்தில் சொல்லவில்லை. அனுபவத்தில் சொன்னார். அவரும் ஒரு காலத்தில் எங்கேயோ ஆளாக நின்று பார்த்து, அடிபட்டு, பிறகு வாயாக மாறினவராக இருக்கலாம். நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகு அவர் மேடை வேலை எதுவும் எனக்குத் தரவில்லை. ஆனால் தொழிற்சாலை வேலைகளுக்கு என் பெயரைச் சொல்லாமலும் இருக்கவில்லை. அவர் பக்கம் நியாயம் உண்டு என்றேனே, அது இதுதான்.

கல்லூரி என்னைத் திரும்ப அழைக்கவில்லை. நானும் போய் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை. சீன மேலாளர் ஒரு பக்கம், வேலையாட்களின் பிரதிநிதிகள் ஒரு பக்கம், நடுவில் நானும் மனிதவளத் துறைக்காரர் ஒருவரும். படப்பை வரைக்கும் கம்பெனி பஸ் விட வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அசெம்ப்ளியில் வேலை செய்யும் பெண் ஒருத்தி, "ஷேர் ஆட்டோல தொங்கிக்கினு வர முடியாது. பஸ் இல்லேன்னா திங்கள்லேர்ந்து நாங்க வரலை, அவ்ளோதான்" என்றாள்.

மனிதவளத் துறைக்காரர் என் பக்கம் குனிந்தார். "மேடம், பஸ் வேணும்னு மட்டும் சொல்லுங்க. அந்தக் கடைசி வரியை விட்டுடுங்க. அந்த ஆளுக்கு வீணா கோபம் வரும்."

"விட்டா, விட்டேன்னு அவர்கிட்ட சொல்லிடுவேன் சார்."

"என்ன மேடம் இது?"

அந்தப் பெண்ணைப் பார்த்துக் கேட்டேன். "கடைசியா நீ சொன்னதைச் சொல்லட்டுமாம்மா?"

"அதுக்குத்தானே சொன்னேன்" என்றாள்.

சொன்னேன். மேலாளருக்குக் கோபம் வரத்தான் செய்தது. மேசையைத் தட்டினார், எழுந்து போனார், மறுபடி வந்து உட்கார்ந்து, எத்தனை பேர், எந்த ஷிப்ட் என்று கேட்டார்.

அடுத்த மாதத்திலிருந்து பஸ் வந்தது. என்னைத்தான் கூப்பிடவில்லை.